மேலச்சேரி முதல் பாரிஸ் வரை: கூத்தின் பாணிகளும் கடல் கடந்த நட்பும்

செஞ்சிக் கோட்டைக்குப் பக்கத்தில் இருக்கும் மேலச்சேரியைத் திரௌபதி அம்மனின் தாய்வீடு என்று கொண்டாடுவது நம் வட்டார வழக்கம். விழுப்புரம், திண்டிவனம் சுற்றுப்பட்ட கிராமங்களில் அக்னி வசந்த விழாவுக்குக் கொடி ஏறினால் பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் கூத்து. படுகளத்தன்று மண்ணால் செய்த துரியோதனன் ஊர்ப் பொட்டலில் மல்லாந்து கிடப்பான். வேடம் கட்டிய பீமன் அவன் தொடையைப் பிளப்பான். விரித்த கூந்தலை அம்மன் முடிவாள். பெண்கள் ஒப்பாரி வைத்து அழுவார்கள். பிறகு தீமிதி. கூத்து இந்த வழிபாட்டின் ஓர் உறுப்பு. அதன் பாணியையும் தரத்தையும் இங்கிருந்துதான் பேசத் தொடங்க வேண்டும்.

கலைஞர்கள் இதை வடக்கத்திப் பாணி, தெற்கத்திப் பாணி என்று பிரித்துச் சொல்வார்கள். காஞ்சிபுரம், செய்யாறு பக்கம் வடக்கத்தி. பழைய தென்னாற்காட்டுப் பக்கம் தெற்கத்தி. திண்டிவனம் இரண்டுக்கும் நடுவாசல். அர்ச்சுனன் தபசு, கர்ண மோட்சம், பதினெட்டாம் போர் என்று கதைகள் எல்லோருக்கும் பொது. மர அணிகளான கட்டையின் அமைப்பு, அடவு, பாட்டின் போக்கு ஆகியவைதான் பாணிக்குப் பாணி மாறும். பெயரிலும் இரண்டு வழக்கு உண்டு. தெருக்கூத்து என்பது பலர் வாயில் வழங்குவது. மரத்தில் செதுக்கிக் கண்ணாடித் துண்டுகள் பதித்த கிரீடத்தையும் புஜக்கட்டையையும் முன்னிறுத்திக் கட்டைக்கூத்து என்பார் ஒரு சாரார்.

பாணி எதுவானாலும் தரத்துக்கு உரைகல் ஒன்றே. திரைக்குப் பின்னால் நின்றபடி துரியோதனன் பாடத் தொடங்குகிறான். முகவீணை இழுக்கிறது, மத்தளம் முறுக்கேற்றுகிறது. கிரீடத்தின் நுனி மட்டும் திரைக்கு மேலே அசைகிறது. திரை விலகியதும் தோளில் கட்டிய பாரத்தோடு அவன் சுழன்று வருகிறான். அந்தச் சுழற்சியில் தாளம் பிசகக் கூடாது. சுழன்று நின்ற மூச்சிலேயே அடுத்த அடியைப் பாட வேண்டும். கடைசி வரிசையில் பாய் விரித்திருக்கும் கிழவிக்கும் சொல் தெளிவாகக் கேட்க வேண்டும். விடியும்வரை இது நீடிக்க வேண்டும்.

இந்த உரைகல்லை மதித்துத்தான் கடல் கடந்தவர்கள் நம்மோடு நட்புக் கொண்டார்கள். அமெரிக்க அறிஞர் ஆல்ஃப் ஹில்ட்பைடல் திரௌபதி வழிபாட்டைப் பற்றி எழுதிய பெருநூலின் முதல் தொகுதி 1988-இல் வெளிவந்தது. செஞ்சியின் பெயர் அதன் தலைப்பிலேயே இருக்கிறது. பாரதக் கூத்தைப் பற்றிய ரிச்சர்ட் பிராஸ்காவின் நூல் 1990-இல் வந்தது. இருவரும் ஊர் ஊராக அலைந்து, கண்விழித்து, கேட்டு எழுதியவர்கள்.

நட்பு ஓர் அமைப்பாகவே வளர்ந்த இடம் காஞ்சிபுரம். பெருங்கட்டூர்க் கூத்துக் குடும்பத்தில் பிறந்து, சிறுவயதிலேயே வேடம் கட்டியவர் பி. ராஜகோபால். நெதர்லாந்திலிருந்து ஆய்வுக்கு வந்தவர் ஹன்னே டி புருயின். இருவரும் வாழ்க்கையிலும் இணைந்தார்கள். 1990-இல் கலைஞர்கள் கூடிக் கட்டைக்கூத்துச் சங்கத்தைத் தொடங்கினார்கள். 2002-இல் புஞ்சரசந்தாங்கலில் அதன் குருகுலம் எழுந்தது. பிள்ளைகள் அங்கேயே தங்கிப் பள்ளிப் பாடமும் கூத்தும் சேர்த்துப் படித்தார்கள். ஆண்களே பெண் வேடம் கட்டிவந்த கலையில் பெண் பிள்ளைகள் கட்டை கட்டி ஆடினார்கள். குருகுலம் 2020-இல் மூடப்பட்டது. ஆனாலும் அங்கே படித்த பெண்கள் ஆடிக் காட்டிய வழியை இனி யாராலும் அடைக்க முடியாது.

இந்த நட்பின் இன்னொரு கிளை புரிசை என்ற ஊர். கண்ணப்பத் தம்பிரான் பரம்பரையில் வந்த சம்பந்தத் தம்பிரானிடம் பிரான்சின் தெயாத்ர் து சொலெய் நாடகக் குழுவினர் கூத்துப் பயின்றார்கள். அரியான் முனூஷ்கின் இயக்கத்தில் அவர்கள் 2016-இல் பாரிஸில் மேடையேற்றிய நாடகத்தில் நம் பாரதக் கூத்துக் காட்சிகள் இடம்பெற்றன. அந்தக் குழுவின் நடிகர்கள் தமிழிலேயே பாடி ஆடினார்கள்.

இந்த நட்புகள் நிலைத்ததற்குக் காரணம், வந்தவர்கள் மாணவர்களாக வந்தார்கள், வாத்தியார் இடத்தில் நம் கலைஞர்கள் இருந்தார்கள் என்பதே. அந்த இடம் நமக்குத் தொடர வேண்டுமானால் முதல் மரியாதை நம் ஊரில் கிடைக்க வேண்டும். பத்து நாள் கூத்தை இரண்டு நாளாகச் சுருக்கி, மிச்சப் பணத்தில் பாட்டுக் கச்சேரி வைக்கும் விழாக் குழுவினரைக் கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன்: கூத்து நாட்களைக் குறைக்காதீர்கள். தெற்கத்திப் பாணியைச் சொல்லித்தர விழுப்புரத்திலோ திண்டிவனத்திலோ ஒரு பயிற்சிப் பள்ளி எழ வேண்டும். அதுவரை ஊருக்கு ஒரு பிள்ளையையாவது ஒரு வாத்தியாரிடம் சேர்த்துவிடுங்கள். இந்த ஆண்டு உங்கள் ஊரில் கொடி ஏறும்போது, விடியும்வரை பாயை விட்டு எழாதீர்கள்.