இது காபி டேபிள் அல்ல

ஒரகடத்தில் ஒரு ஓட்டல் லாபி. 2010-ல் ரெனோ-நிசான் கார், 2013-ல் என்ஃபீல்டு புல்லட் என்று தொழிற்சாலைகள் வரிசையாக வந்த ஊர். தங்குகிறவர்கள் பெரும்பாலும் என்ஜினீயர்கள். நாலு சோபாவுக்கு நடுவே ஒரு பழைய தேக்குப் பெட்டி. மூடி சரிவாக இருப்பதால், நாலு குமிழ் முட்டுக்கொடுத்து மேலே கண்ணாடி. 'செட்டிநாடு ஆன்டிக். தொடாதீர்கள்' என்று அட்டை.

"அந்தக் காலத்து காபி டேபிள் சார்" என்றார் ரிசப்ஷன் தம்பி.

இல்லை தம்பி, அது ஆபீஸ். ரங்கூனிலும் சிங்கப்பூரிலும் வட்டித்தொழில் செய்த நகரத்தார், கிட்டங்கி என்ற நீளமான கூடத்தில் ஆளுக்கொரு பெட்டியை முன்னால் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருப்பார்கள். சரிந்த மூடி, எழுத. உள்ளே கணக்கு, பத்திரம், பணம். சம்மணமிட்டவரின் முழங்கைக்கு ஏற்ற உயரம். இதைத்தான் பக்கத்துத் தொழிற்சாலைகளில் எர்கோனமிக்ஸ் என்கிறார்கள்!

அங்கே சம்பாதித்த பணம் பர்மா தேக்காக கானாடுகாத்தான், காரைக்குடிப் பக்கம் வந்து தூணாக, கதவாக, ஊஞ்சலாக ஆனது. 1930-களின் பொருளாதார மந்தமும் 1942-ல் ஜப்பான்காரன் பர்மாவைப் பிடித்ததும் வரவை நிறுத்தின. வீடோ பல பங்காளிகளுக்குப் பொது. யார் ஓடு மாற்றுவது? பல வீடுகளை இடித்துப் பிரித்து விற்றார்கள். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகள் முளைத்தது இப்படித்தான்.

நியூயார்க் மெட்ரோபாலிடன் மியூசியம் 1924-ல் திறந்த அமெரிக்கப் பிரிவில், பழைய வீடுகளின் சுவர்ப்பலகைகளையே கழற்றி வந்து அறைகளாக நிறுத்தி, அதற்குள் மேசை நாற்காலிகளை வைத்தார்கள். 1996-ல் திறந்த முட்டுக்காடு தட்சிணசித்ராவிலும் செட்டிநாட்டு வீடு ஒன்று, பிரித்த வீட்டின் மரங்களோடு நிற்கிறது. இரண்டும் பெயர்த்தவைதான். ஆனாலும் எந்தச் சாமான் எங்கே, யாருக்காக என்று புரியும்.

ஓட்டல்காரர் பெட்டியை வாங்கியதில் எனக்குப் புகார் இல்லை. விறகாகாமல் தப்பித்ததே. புகார் அந்த சோபாக்கள் மேல். ஒரு பாயை விரித்து, கண்ணாடியை எடுத்தால் பெட்டி தானே பேசும். 'தொடாதீர்கள்' அட்டையை மட்டும் தாங்க முடியவில்லை. மூடியின் கீழ்விளிம்பு ஒரு கை அகலத்துக்கு வழவழவென்று தேய்ந்திருக்கிறது. தொட்டுத் தொட்டுத் தேய்ந்ததுதானே?

கேட்டுப் பார்த்தேன். தம்பி கண்ணாடியைத் தூக்கிப் பிடிக்க, தரையில் சம்மணமிட்டு முழங்கையை வைத்தேன். கச்சிதம்.

"சீக்கிரம் எந்திரிங்க சார், மேனேஜர் வர்றாரு."