முப்பது வார்த்தையும் பண்ணாடி நோட்டும்

நிமிஷத்துக்கு 30 வார்த்தை வாய்விட்டு வாசிக்கணும். மனசுக்குள் வாசித்தால் 35. பார்த்து எழுதினால் 7, சொல்லக் கேட்டு எழுதினால் 5. 1988-இல் தொடங்கிய தேசிய எழுத்தறிவு இயக்கம் எழுத்தறிவு பெற்றவர் யார் என்பதற்கு வைத்த அளவுகோல் இது. மூன்று பாடநூல்கள், ஒவ்வொன்றுக்குள்ளும் மூன்று தேர்வுகள். தேறுவதற்கு மொத்தத்தில் 70 சதம், வாசிப்பு, எழுத்து, கணக்கு ஒவ்வொன்றிலும் 50 சதம். 90களில் தமிழகத்தில் 'அறிவொளி' என்று ஊர் ஊராகப் பாட்டும் நாடகமுமாய்ப் போனதற்குப் பின்னால் இந்தக் கணக்குதான் இருந்தது.

அந்த இயக்கம் 'செயல்முறை எழுத்தறிவு' என்பதற்குக் கொடுத்த விளக்கத்தை நம் ஆட்கள் ஒருமுறையாவது வாசிக்க வேண்டும். அதில் நான்கு கூறுகள். எழுத்திலும் எண்ணிலும் தன் காலில் நிற்பது முதலாவது. தங்கள் இல்லாமைக்கான காரணங்களை உணர்ந்து, அமைப்பாகத் திரண்டு, நிலைமையை மாற்ற முனைவது இரண்டாவது. அப்புறம் தொழில்திறன். அப்புறம் ஒருமைப்பாடு, சுற்றுச்சூழல், பெண் சமத்துவம், சிறுகுடும்பம் என்று விழுமியங்கள். தேர்வு வைத்தது முதலாவதுக்கு மட்டும். இரண்டாவதுக்குக் கேள்வித்தாளே கிடையாது. அதையெல்லாம் அளக்க முடியாது என்பார்கள். அளந்தால் யார் யாரைப் பார்த்துக் கேள்வி கேட்க ஆரம்பித்தார்கள் என்று எழுத வேண்டிவரும், அதுதான் விசயம்.

அந்த வருசங்களில் சத்தியமங்கலத்துக்குப் பக்கத்தில் ஒரு வளவில் நானும் ராத்திரிப் பாடம் நடத்தினேன். அருந்ததியர் வளவு. மல்லிகைக் காட்டுக்கு விடியுமுன்னே பூப்பறிக்கப் போகிற பெண்கள், கை பூ வாசத்தோடேயே வந்து சிலேட்டுப் பிடிப்பார்கள். அதில் ஒரு அக்கா ஒருநாள் பாடம் முடிந்தும் போகவில்லை. "தம்பி, முன்பணம் முந்நூறுதான் வாங்கினேன். பண்ணாடி நோட்டுல ஐந்நூறுன்னு இருக்குதுங்க. நானே பாத்தேன்" என்றார். பார்த்ததோடு விடவில்லை, நேரிலேயே கேட்டுவிட்டார். மறுநாள் ஆள் கூப்பிட வந்தவர்கள் அவர் வாசலைத் தாண்டிப் போனார்கள். எட்டு நாள் வேலையில்லை. அந்த எட்டு நாளில் வளவில் இன்னும் நாலு பெண்கள் தங்கள் கணக்கைக் கேட்டார்கள். இதை எந்தக் கட்டத்தில் டிக் அடிப்பது?

நெல்லூர் மாவட்டம் தூபகுண்டாவில், எழுத்தறிவுப் பாடத்தில் வந்த சீதம்மா கதையைப் படித்த பெண்கள் சாராயக்கடையை மூடவைத்தார்கள். அது 1992-இல் மாவட்டம் முழுக்கப் பரவி, 1993 அக்டோபரில் ஆந்திர அரசே சாராயத்தைத் தடை செய்ய வேண்டியதாயிற்று. அந்தப் பெண்கள் நிமிஷத்துக்கு எத்தனை வார்த்தை வாசித்தார்கள் என்பது அங்கே ஒரு பொருட்டா?

2022-இல் தொடங்கிய புதிய பாரத எழுத்தறிவுத் திட்டத்திலும் தேர்வு உண்டு. 150 மதிப்பெண், வாசிப்பு, எழுத்து, கணக்குக்குத் தலா 50. சட்ட அறிவு, பண அறிவு எல்லாம் திட்டத்தின் தாளில் இருக்கிறது, மதிப்பெண்ணில் இல்லை. மக்கள்தொகைக் கணக்கெடுப்போ அந்தச் சோதனையும் செய்வதில்லை, வீட்டில் இருப்பவர் வாயால் சொன்னால் போதும். அப்படி வந்ததுதான் 2011-இல் தமிழகத்துக்கு 80.09 சதம், ஈரோடு மாவட்டத்துக்கு 72.58 சதம். அந்த மீதி 27 சதம் ஊருக்குள் எங்கே குடியிருக்கிறது என்று நம்மவர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை.

மொழி விசயம் ஒன்று உண்டு. கொங்கில் பல அருந்ததியர் வீடுகளில் அடுப்படிப் பேச்சு தெலுங்கு, சில இடங்களில் கன்னடம். தாளவாடிப் பக்கம் போனால் ஊரே கன்னடம் பேசுகிறது. புத்தகத் தமிழை வாய்விட்டு வாசிக்கச் சொல்லிக் கடிகாரத்தைப் பார்த்தால், அங்கே தடுமாறுவது எழுத்தில்லை, நாக்கு. அளவுகோல் இதை அறியாமை என்று பதிந்துகொள்கிறது. நானும் அப்படித்தான் பதிந்தேன், ஒளிப்பானேன்.

நோட்டைப் படித்த அந்த அக்காவும் கடைசித் தேர்வுக்கு வந்தார். சிறுகுடும்பத்தைப் பற்றி ஒரு பத்தி. எழுத்துக் கூட்டிக் கூட்டி, பாதியில் நிறுத்தி, "இதுல நம்ம சங்கதி ஒண்ணுமில்லீங்களே தம்பி" என்று சிரித்தார். கணக்கில் நல்ல மதிப்பெண். வாசிப்பில் 50 சதம் வரவில்லை. பட்டியலில் அவர் பேருக்கு நேரே 'தேறவில்லை' என்று எழுதியது என் கைதான்.