எந்தக் கூட்டத்தில் உட்காருவது?

புதுச்சேரி நெல்லித்தோப்பு மார்க்கெட் பக்கம் குடியிருக்கும் ஒருவர் குடியை விட்டுவிடலாம் என்று நினைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். வீட்டில் சொல்லும் யோசனை பெரும்பாலும் இரண்டில் ஒன்று: கோயிலில் கயிறு கட்டிக்கொள், இல்லாவிட்டால் கார்த்திகையில் மாலை போடு. இரண்டையும் நான் இளக்காரமாகப் பார்க்கவில்லை. ஒரு மண்டலம் சொட்டுக்கூடத் தொடாமல் இருந்தவர்களை நம்மில் பலர் பார்த்திருக்கிறோம். மாலையைக் கழற்றிய அன்று மாலையே குடித்தவர்களையும் பார்த்திருக்கிறோம். விரதத்துக்கு முடியும் தேதி உண்டு. அந்தத் தேதிக்காகவே உடம்பு காத்திருக்கிறது.

ஏ.ஏ. என்று சுருக்கமாகச் சொல்லும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் தேதியே வைப்பதில்லை. இன்று ஒருநாள் குடிக்காமல் இரு, நாளைக்கு நாளை பார்த்துக்கொள்ளலாம் என்கிறது. 1935இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் பில் வில்சன் என்ற பங்குத் தரகர், பாப் ஸ்மித் என்ற அறுவை மருத்துவரைச் சந்தித்தார். தன் குடியை அடக்கிக்கொள்ள இன்னொரு குடிகாரரிடம் பேசியாக வேண்டும் என்று அவருக்குத் தோன்றியிருந்தது. இயக்கத்தின் ஆணிவேர் அதுதான். கேட்பவரைவிடப் பேசுபவருக்கே அதிகப் பலன். 1957இல் இயக்கம் பம்பாய்க்கு வந்தது. கட்டணம் கிடையாது, விண்ணப்பம் கிடையாது, முழுப்பெயர் கேட்பதில்லை. குடியை நிறுத்தும் விருப்பம் ஒன்றே தகுதி.

இதன் பெரிய பலம் மிகச் சாதாரணமானது: சாயங்காலத்தை நிரப்புகிறது. புதுச்சேரியில் இது சின்ன விஷயமில்லை. தமிழ்நாட்டைவிட விலை குறைவு, தனியார் கடைகள், பார்கள், போதாததற்கு உரிமம் பெற்ற சாராயக்கடைகள். வேலை முடிந்து வீடு திரும்பும் அந்த ஒரு மணி நேரம்தான் ஆபத்து. அந்த நேரத்தில், தன்னைப் போலவே கை நடுங்கியவர்களோடு ஒரு நாற்காலி கிடைத்தால் பாதி வேலை முடிந்தது.

பலன் இருக்கிறதா? 2020இல் வெளியான காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு 27 ஆய்வுகளையும் 10,565 பேரையும் கணக்கில் எடுத்தது. முறையான பயிற்சியோடு ஏ.ஏ. வழியில் சேர்க்கப்பட்டவர்களில் ஓராண்டு முடிவில் குடிக்காமல் இருந்தவர்கள் 42 சதவீதம். பிற உளவியல் சிகிச்சை பெற்றவர்களில் 35. பெரும்பாலும் அமெரிக்க ஆய்வுகள் என்றாலும், ஒதுக்க முடியாத வித்தியாசம்.

ஆனால் மீதி 58 பேர்? எனக்குக் கோபம் வருவது இங்கேதான். முறை ஒருபோதும் தோற்காது, நேர்மையில்லாதவன்தான் தோற்பான் என்ற பேச்சு இந்த இயக்கத்துக்குள் வெகுகாலமாக உண்டு. ஒரே கூட்டத்துக்கு மூன்று வாரம் போய்விட்டு நின்றவரிடம் "உனக்கு மனசு இல்ல" என்று சொல்லிவிடுவது எளிது. அந்தக் கூட்டம் அவருக்குப் பொருந்தியதா என்று யாரும் கேட்பதில்லை. பெரியவர்களே பேசிக்கொண்டிருக்கும் அறையில் இருபத்தைந்து வயதுப் பையன் வாய் திறப்பானா? கடவுள் நம்பிக்கையில்லாதவருக்கு ஏ.ஏ. நம்பச் சொல்லும் 'மேலான சக்தி' தொண்டையில் இறங்குமா? பெண்ணாக இருந்தால் கதவருகே வருவதே பெரும்பாடு. குடிக்கும் பெண்ணுக்கு நம் ஊரில் இரக்கம் கிடைப்பதில்லை.

பெயர் சொல்லாமை இன்னொரு சிக்கல். பெருநகரத்தில் அது கவசம். நெல்லித்தோப்பில் மாதா கோயில் பூசைக்கு வருபவரும் மீன் வாங்க வருபவரும் ஒருவரையொருவர் அறிந்தவர்கள். பக்கத்துத் தெருக்காரர் எதிரே உட்கார்ந்திருந்தால் உண்மை வெளியே வராது. அப்படிப்பட்டவர் பஸ் ஏறி வேறு பேட்டைக்குப் போய் உட்காருவதே நல்லது. இதற்கு நேர் எதிரான அனுபவமும் தமிழ்நாட்டிலேயே இருக்கிறது. கணவரைக் குடிக்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன் 1980இல் சென்னையில் தொடங்கிய டி.டி.கே. மருத்துவமனை, 1989 முதல் மஞ்சக்குடி கிராமத்தில் குடிநோய் சிகிச்சை முகாம் நடத்தியது. அங்கே மறைக்க எதுவுமில்லை. ஊரே சேர்ந்து தாங்கியது. ஆக, ஒருவருக்கு முகமறியாத அறை மருந்து, இன்னொருவருக்குத் தெரிந்த முகங்களே மருந்து.

அந்த மருத்துவமனை கற்றுத்தந்த இன்னொன்றும் முக்கியம்: கூட்டம் சிகிச்சைக்கு மாற்று அல்ல. பல வருடம் தினமும் குடித்தவர் சட்டென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம், இரண்டு மூன்று நாளில் பிதற்றலும் வரலாம், உயிரே போகலாம். முதலில் கோரிமேட்டு ஜிப்மர் போன்ற இடத்தில் டாக்டரைப் பார்க்க வேண்டும். குடிநோயாளிகளில் ஏதோ ஒரு சிகிச்சையாவது கிடைப்பது 38 பேரில் ஒருவருக்குத்தான் என்று 2019இல் வெளியான எய்ம்ஸ் தேசியக் கணக்கெடுப்பு சொன்னது. உதவி இவ்வளவு அரிதாக இருக்கும்போது கூட்டமா மருந்தா என்று சண்டை போடுவதில் அர்த்தமில்லை. குடிப்பவரின் மனைவிக்கும் ஓர் இடம் வேண்டும். குடும்பத்தாருக்கான அல்-அனான் 1951இல் பிறந்தது அதற்காகத்தான்.

ஆறு கூட்டமாவது மாற்றி மாற்றிப் போய்ப் பார்க்கச் சொல்வேன். கேட்கும் பேச்சு தன் வீட்டுப் பேச்சாக இருக்கிறதா, இடையில் நழுவிக் குடித்துவிட்டு வந்தவரை எப்படி வரவேற்கிறார்கள் என்று கவனிக்க வேண்டும். இரண்டாவதுதான் எனக்குப் பெரிய அளவுகோல். "இங்க சரிப்படலைன்னா வேற கூட்டம் இருக்கு தம்பி, நானே கூட்டிட்டுப் போறேன்" என்று சொல்லும் மூத்த உறுப்பினர் ஒருவர் எந்த அறையில் இருக்கிறாரோ, அந்த அறையில் முதலில் உட்காரலாம்.