தன் ஆட்டத்தைத் தானே திருத்தியவர்

மிகயில் பொட்வின்னிக் பற்றிப் பேச்சு எடுத்தாலே ஒரு கதையைச் சொல்லிச் சிரிப்பார்கள். சோவியத் செஸ்ஸின் பெரிய வாத்தியார், 1960களில் தன் பயிற்சிப் பள்ளிக்கு வந்த 12 வயதுப் பையன் ஒருவனைப் பார்த்துவிட்டு, இவனுக்கு செஸ் ஒண்ணும் புரியலை, இதில் எதிர்காலமும் இல்லை என்கிற மாதிரி சொல்லிவிட்டாராம். அந்தப் பையன் அனத்தோலி கார்ப்போவ். 1975இல் உலக சாம்பியன்.

சிரிக்கலாம்தான். ஆனால் கதையின் மிச்சத்தை யாரும் சொல்வதில்லை. பொட்வின்னிக் கொடுத்த வீட்டுப்பாடத்தை முடிப்பதற்காகத்தான் செஸ் புத்தகங்களை எடுத்து வைத்து உழைக்க வேண்டி வந்தது, அது பெரிய உதவி என்று கார்ப்போவே பின்னாளில் எழுதியிருக்கிறார். வாத்தியாரின் கணிப்பு தப்பாகப் போனது. அவர் கொடுத்த பாடம் வேலை செய்தது.

அப்படி என்ன பாடம்? கேட்டால் சப்பென்று இருக்கும். ஆடிய ஆட்டத்தை, முக்கியமாகத் தோற்ற ஆட்டத்தை, திரும்ப எடுத்துப் பார். பார்த்ததை எழுது. எழுதியதை வெளியிடு. நமக்கு நாமே மறைத்துக்கொள்கிற ஓட்டையை முன்பின் தெரியாத வாசகர் ஒருவர் கண்டுபிடித்துச் சொல்லட்டும்.

இதை அவர் ஊருக்கு மட்டும் உபதேசிக்கவில்லை. 1960இல் 23 வயது மிகயில் தாலிடம் பட்டத்தைப் பறிகொடுத்தார். தோற்ற ஆட்டங்களோடு உட்கார்ந்தார். அடுத்த வருடம், ஐம்பதை நெருங்கும் வயதில், 13-8 என்று வென்று பட்டத்தை மீட்டார். தாலுக்கு அப்போது சிறுநீரக நோய் இருந்தது என்பதையும், தோற்ற சாம்பியனுக்கு மறுபோட்டி உரிமை தந்த விதி இருந்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். 1958இல் ஸ்மிஸ்லோவிடமிருந்து பட்டத்தை மீட்டதும் அதே விதியால்தான். விதி போன பிறகு, 1963இல் பெத்ரோசியனிடம் தோற்றார். அதோடு சரி. உழைப்பு மட்டும் அவரைக் காப்பாற்றவில்லை.

அவருடைய குறையும் இங்கேதான் இருக்கிறது. அடிப்படையில் மின் பொறியாளர். எல்லாவற்றையும் ஒரு முறைக்குள் கொண்டுவந்துவிடலாம் என்று நம்பினார். 'பயனியர்' என்ற செஸ் நிரலுக்காகப் பல வருடங்கள் செலவழித்தார், அது கடைசிவரை வலுவான ஆட்டக்காரனாக வரவில்லை. முறைக்குப் பழகிய கண்ணுக்கு, இன்னும் எந்த முறைக்குள்ளும் வராத திறமை குழப்பமாகத்தான் தெரியும். கார்ப்போவை அவர் தவறவிட்டது அதனால்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

கார்ப்போவ், காஸ்பரோவ், கிராம்னிக் என்று மூன்று உலக சாம்பியன்கள் அவர் பள்ளி வழியாக வந்தவர்கள். மூன்று பேரும் மூன்று விதமாக ஆடினார்கள். யாரும் பொட்வின்னிக்கின் நகல் இல்லை. ஒரு ஆசிரியரை அவர் யாரை முன்கூட்டியே கண்டுகொண்டார் என்று வைத்து அளப்பது நம் பழக்கம். தன் கணிப்பையே பொய்யாக்கும் கருவியை ஒரு 12 வயதுப் பையனின் கையில் அவர் கொடுத்து அனுப்பினார். எனக்கு அது போதும்.