கந்தையிற் பிறந்த கவின்

கலை என்பது கல்விச்சாலையிற் பயின்று பெறப்படுவதோ, அன்றிக் கைப்பழக்கத்தால் வாய்ப்பதோ என்னும் வினா மிகப் பழையது. இவ்வினாவை ஆராயப் புகுவோர் ஓவியத்தையும் சிற்பத்தையுமே பெரும்பாலும் எடுத்துக்கொள்வர். ஊசியும் நூலும் பழஞ்சேலையுமே கருவியாகக் கொண்ட கலையை நோக்குவார் சிலரே. அத்தகைய கலையொன்று கருநாடகத்து வடகன்னட மாவட்டத்திலே வாழும் சித்தி இனப் பெண்களிடம் உளது. ஒட்டுத்துணிகளை இணைத்துத் தைக்கும் அப்போர்வைக்குக் 'கவந்தி' என்பது பெயர்.

சித்தியர் ஆபிரிக்க வழியினர். போர்த்துக்கேயரால் அடிமைகளாகக் கோவாவுக்குக் கொணரப்பட்டோர் பலரின் வழித்தோன்றல்கள் எல்லாப்பூர், ஹலியால் முதலிய பகுதிகளின் காட்டோர ஊர்களிலே வாழ்கின்றனர். கரைத்தீவு, கற்பிட்டி, புத்தளம் என நீளும் கரையோரத்தார்க்கு இத்தகைய வரலாறு புதிதன்று. புத்தளத்தை அடுத்து வாழும் ஆபிரிக்க வழியினர் தம் முன்னோரின் 'மஞ்சா' இசையை இன்றும் பேணுகின்றனர். இங்கே நினைவைத் தாங்கியது இசை. அங்கே அப்பணியைத் துணியும் ஆற்றுகின்றது.

கவந்தியின் சிறப்பு அதன் ஆக்கமுறையிலே தங்கியுள்ளது. மேனாட்டு ஒட்டுப்போர்வையிலே முதலில் வடிவம் வகுக்கப்படும். பின்னர்த் துண்டுகள் அளந்து வெட்டப்பட்டு ஒன்றாக்கப்படும். இறுதியிலேதான் உட்படையும் அடித்துணியும் சேர்த்துத் தைக்கப்படும். கவந்தியிலோ இவை யாவும் ஒருங்கே நிகழ்கின்றன. அடியிலே பழஞ்சேலை விரிக்கப்படும். ஒரு மூலையிலே தொடங்கும் பெண், உடுத்துத் தேய்ந்த ஆடைகளின் துண்டுகளை விளிம்பு மடித்து வைத்து, நெருங்கிய ஓட்டுத்தையலால் இணைத்துக்கொண்டே ஓரத்தைச் சுற்றி வருவாள். சுற்றுச் சுற்றாக உள்நோக்கிச் சென்று நடுவிலே முடிப்பாள். ஈற்றில் நான்கு மூலைகளிலும் 'பூலா' எனப்படும் மடித்த முக்கோணத் துணிகள் பூவெனப் பொருந்தும். அவை இல்லாத கவந்தியை ஆடையற்றது என்றே அம்மகளிர் கருதுவர்.

இம்முறையிலே வரைபடத்துக்கு இடமில்லை. அடுத்த துண்டு எதுவென்பதை முன்வைத்த துண்டே தீர்மானிக்கின்றது. சிவப்பை அடுத்து நீலம் வருவது கையிலே எஞ்சிய துணியாலும் கண்ணின் தெளிவாலும் ஆவது. ஆதலின் வறுமை இங்கே வெறும் குறையன்று. யாப்பு புலவனுக்கு விதிக்கும் கட்டளை போன்றது அது. எனினும் வறுமையே கலையைத் தந்ததென்று போற்றுதல் தகாது. கந்தை பலர்க்கும் உண்டு. கவின் தேர்வினால் மட்டுமே பிறப்பது. கத்தோலிக்கப் பெண் சிலுவையையும், முஸ்லிம் பெண் பிறையையும் அத்துண்டுகளிடையே அமைப்பது இத்தேர்வுக்குச் சான்றாகும்.

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்துக் ஜீஸ் பெண்ட் என்னும் சிற்றூர்க் கறுப்பினப் பெண்களின் போர்வைகள் 2002 ஆம் ஆண்டில் நியூயோர்க்கின் விற்னி அருங்காட்சியகத்திலே வைக்கப்பட்டபோது, திறனாய்வாளர் பலர் அவற்றை நவீன ஓவியத்தோடு ஒப்பிட்டுப் புகழ்ந்தனர். சித்தியரின் கவந்திகளும் 2011 இல் அந்நகரின் சோம்பேர்க் ஆய்வு நிலையத்திலே காட்சிப்படுத்தப்பட்டன. ஓவியம் போன்றது என்பது புகழுரையே. ஆயினும் போதிய அளவுகோல் அன்று. ஓவியன் வெறுந்தளத்தின் எவ்விடத்திலும் தொடங்கலாம், அழித்தும் திருத்தலாம். கவந்தி செய்வாளோ எல்லையிலிருந்து நடுவை நோக்கியே செல்லவேண்டும். சுருங்கிவரும் வெளியை எங்ஙனம் நிறைவு செய்தாள் என்பதைக் கொண்டே அவள் திறனை மதிப்பிடல் வேண்டும்.

'தானே கற்றவர்' என்னும் தொடரும் ஆராயற்பாலது. இம்மகளிர் ஓவியப் பள்ளியிலே பயின்றவரல்லர். ஆயினும் தாயிடமும் அயலாரிடமும் கண்டு கற்றவர். பள்ளி இல்லாமை வேறு. மரபு இல்லாமை வேறு. இவ்வேறுபாட்டை உணராதார் தேர்ந்த அறிவை இயற்கைக் குணமென இழித்துரைப்பர்.

2004 ஆம் ஆண்டிலே கலை வரலாற்றறிஞர் ஹென்றி டுரூவலின் துணையோடு சித்திப் பெண்களின் கூட்டுறவு அமைப்பொன்று தோன்றியது. கைத்திறனுக்குக் கூலி கிடைப்பது நன்றே. ஆனால், வாங்குவோர் விருப்புக்காகப் புதுத்துணியை ஒரே அளவாய் வெட்டித் தைக்கும் நிலை வருமாயின், போர்வை எஞ்சும், கவந்தி எஞ்சாது. பாட்டியின் சேலையும் குழந்தையின் சட்டையும் அருகருகே கிடப்பதே அதன் பொருள். அப்பொருளைப் பேணியபடியே செய்தவளின் பெயரையும் போர்வையோடு சேர்த்து வழங்குதல், விற்போரும் வாங்குவோரும் அக்கலைக்குச் செலுத்தவேண்டிய முதற் கடனாகும்.