கேட்கத் தெரிய வேண்டும்

ஆத்திசூடியில் ஔவையார் கையேந்துவது இழிவு என்று சொல்லிவிட்டு, அடுத்த வரியிலேயே கேட்பவர்க்குக் கொடுத்துவிட்டுச் சாப்பிடு என்கிறார். கேட்காதே, ஆனால் கொடு. யாராவது வந்து கேட்டால்தானே கொடுக்க முடியும்? எப்படிக் கேட்பது என்று பாட்டி சொல்லவில்லை.

நாமும் அதைப் பற்றி யோசிப்பதில்லை. நம் ஊரில் சினிமாவுக்கு விமர்சனம் உண்டு, புத்தகத்துக்கு உண்டு, ஓட்டல் சாம்பாருக்குக்கூட உண்டு. நன்கொடை கேட்டு வரும் கடிதத்துக்கு மட்டும் யாரும் விமர்சனம் எழுதுவதில்லை. நல்ல காரியத்தைக் குறை சொன்னால் பாவம் என்கிற பயம். இந்த வாரம் அந்தப் பாவத்தைச் செய்துவிடுகிறேன்.

போன மாதம் எனக்கு வந்த வேண்டுகோள்கள் மொத்தம் பதினொன்று. தபாலில் மூன்று, மிச்சம் எட்டும் வாட்ஸ்அப்பில். பரப்பி வைத்துப் பார்த்தால் இரண்டே ரகம்தான்.

முதல் ரகம், அழுகிற குழந்தை. முழுப் பக்கத்துக்குப் படம், மூக்கில் குழாய், கீழே 'இன்னும் 48 மணி நேரம்தான்' என்று சிவப்பு எழுத்து. என்ன வியாதி, எந்த ஆஸ்பத்திரி, இதுவரை எவ்வளவு சேர்ந்தது என்பதெல்லாம் பொடி எழுத்தில் இருக்கும், அல்லது இருக்கவே இருக்காது. மூன்று மாதம் கழித்து அதே படம் வேறொரு நண்பர் மூலம் மறுபடி வரும். அப்போதும் 48 மணி நேரம்தான் பாக்கி!

இரண்டாவது ரகம், ஆண்டறிக்கை. '1987-ம் ஆண்டு துவங்கப்பட்ட எமது அறக்கட்டளையானது' என்று ஆரம்பிக்கும். தலைவர் பொன்னாடை போர்த்திக்கொள்ளும் படம், மந்திரி குத்துவிளக்கு ஏற்றும் படம். நாலாவது பக்கத்தில் 'தங்களால் இயன்ற நிதியுதவியை நல்குமாறு' வரும். யாருக்கு, எதற்கு, எவ்வளவு? மூச்!

முதலாவது பயமுறுத்துகிறது. இரண்டாவது தூங்கவைக்கிறது. எதற்குப் பணம் வரும் என்று நினைக்கிறீர்கள்?

இதை அமெரிக்காவில் நிஜமாகவே சோதித்துப் பார்த்தார்கள். டெபோரா ஸ்மால், ஜார்ஜ் லோவன்ஸ்டைன், பால் ஸ்லோவிக் என்ற மூவர் 2007-ல் வெளியிட்ட ஆராய்ச்சி. சம்பந்தமில்லாத ஏதோ கேள்வித்தாளை நிரப்பச் சொல்லி ஆளுக்கு 5 டாலர் சம்பளம் கொடுத்தார்கள். கூடவே ஆப்பிரிக்கப் பஞ்சத்துக்கு உதவி கேட்டு ஒரு கடிதம். சிலருக்குக் கொடுத்த கடிதத்தில் மாலி நாட்டு ஏழு வயதுச் சிறுமி ரொக்கியாவின் படமும் கதையும். சிலருக்கு எத்தனை லட்சம் பேர் பட்டினி என்ற புள்ளிவிவரம் மட்டும். இன்னும் சிலருக்கு இரண்டும் சேர்த்து.

ரொக்கியாவுக்குச் சராசரியாக 2.38 டாலர் போட்டார்கள். புள்ளிவிவரத்துக்கு 1.14. சரி, இது எதிர்பார்த்ததுதான். இரண்டும் சேர்ந்தால் கூடத்தானே வேண்டும்? 1.43-க்கு இறங்கிவிட்டது. ரொக்கியாவைப் போல லட்சக்கணக்கான பேர் இருக்கிறார்கள் என்ற உண்மையைச் சொன்னதும், அவளுக்குக் கொடுக்க இருந்த கையும் பின்வாங்கிவிட்டது.

வேண்டுகோள் எழுதுகிறவர் இதிலிருந்து என்ன கற்றுக்கொள்வார்? கணக்கைக் கிழித்துப் போட்டுவிட்டு அழுகிற குழந்தையைத் தேடிக்கொண்டு போவார். ஆக, அந்த 48 மணி நேரப் படத்துக்குப் பாதிப் பொறுப்பு உங்களுடையதும் என்னுடையதும்.

ஒரு முகத்தையும் காட்டி, காரணத்தையும் நேர்மையாகச் சொல்ல முடியாதா? முடியும். வேலூர் சி.எம்.சி.யின் கதையைப் பாருங்கள். 1890-களில் திண்டிவனத்தில் ஒரு ராத்திரி. மிஷனரி டாக்டர் ஒருவரின் வீட்டுக் கதவை அடுத்தடுத்து மூன்று பேர் தட்டினார்கள். மூவருக்கும் மனைவி பிரசவத்தில் தவித்துக்கொண்டிருந்தாள். டாக்டர் வரத் தயார். ஆனால் ஆண் டாக்டர் பார்க்கக் கூடாது, அவர் மகள் ஐடா ஸ்கடர் வரட்டும் என்றார்கள். ஐடாவுக்கு வைத்தியம் தெரியாது. விடிந்தபோது மூன்று பெண்களும் உயிரோடு இல்லை. ஐடா அமெரிக்கா போய் டாக்டருக்குப் படித்து 1900-ல் திரும்பினார். நியூயார்க் வங்கிக்காரர் ஷெல் என்பவர் காலமான மனைவியின் நினைவாக 10,000 டாலர் கொடுத்திருந்தார். 1902-ல் வேலூரில் 40 படுக்கைகளுடன் ஆஸ்பத்திரி. 1918-ல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி.

வேலூருக்கு ஆதரவு திரட்டியவர்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவந்த கதை இது. அதன் பலம் மூன்று மரணத்தில் மட்டும் இல்லை. ஏன் செத்தார்கள் என்பது அதிலேயே இருக்கிறது: பெண் டாக்டர் இல்லை. என்ன செய்ய வேண்டும் என்பதும் இருக்கிறது: பெண்களை டாக்டராக்கு. கொடுத்த பணம் எங்கே போனது என்று பார்க்க வேலூருக்கு பஸ் ஏறினால் போதும். ஒரே ஒரு குறை. நான் படித்த எந்த வடிவத்திலும் அந்த மூன்று பெண்களுக்குப் பெயர் இல்லை. நல்ல வேண்டுகோளிலும் கஷ்டப்பட்டவர் கடைசியில் ஒரு சம்பவமாகிவிடுகிறார்.

போன வருஷம் நானே இதில் மாட்டிக்கொண்டேன். செங்கல்பட்டுப் பக்கம் முதியோர் இல்லம் நடத்தும் நண்பர் ஒரு கடிதத்தோடு வந்தார். "தமிழ் மட்டும் பார்த்துக் குடுங்க சார்." பார்த்தால் அசல் இரண்டாவது ரகம், பொன்னாடை உள்பட. மடித்து வைத்துவிட்டு, "உங்களைத் தூங்கவிடாத விஷயம் ஏதாவது அங்கே நடந்ததா?" என்று கேட்டேன்.

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம் சொன்னார். ஒரு பாட்டி நடுராத்திரி பாத்ரூமில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. பிடித்துக்கொள்ளக் கம்பி இல்லை. கூப்பிட்டது யாருக்கும் கேட்கவில்லை. ராத்திரிக்கு ஆயா வைக்க வசதியில்லாததால் விடியும்வரை ஈரத்தரையிலேயே கிடந்திருக்கிறார்.

"இதை எழுதுங்களேன்."

"எங்க தப்பை நாங்களே எப்படி சார் எழுதறது?"

கடைசியில் பாட்டியையே கேட்டார். "எழுதிக்கோப்பா. என் பேரு மட்டும் வேணாம். பையன் படிச்சா சங்கடப்படுவான்" என்றாராம். (பெயர் இல்லாததைக் குறை சொன்ன எனக்கு இது ஒரு குட்டு.) ஒரே பக்கம் எழுதினோம். படம் கிடையாது. கம்பிக்கு இவ்வளவு, ராத்திரி ஆயாவின் ஒரு வருஷச் சம்பளம் இவ்வளவு.

இரண்டே வாரத்தில் கம்பிக்குத் தேவைக்கு மேலேயே பணம் வந்துவிட்டது. சம்பளத்துக்கு வந்தது இரண்டு மாதத்துக்குக்கூடக் காணாது. ஒருவர் போனிலேயே சொல்லிவிட்டாராம்: "கம்பி, கட்டில்னா சொல்லுங்க, தரேன். சம்பளத்துக்கெல்லாம் தர்மம் பண்றதில்லை."

நமக்கு 'உபயம்' என்று எழுதிவைக்க ஒரு பொருள் வேண்டும். ஆயாவின் முதுகில் எழுத முடியாதே! அமெரிக்காவிலும் இதே கதைதான். தர்ம ஸ்தாபனம் சம்பளத்துக்குச் செலவழித்தால் திருட்டு மாதிரிப் பார்க்கிறோமே என்று 2013-ல் டான் பலோட்டா மேடையேறிப் புலம்பினார். கம்பியைப் பிடித்துக்கொள்ளலாம், சரி. அதையும் மீறி விழுந்தவரைத் தூக்க ஒரு ஆள் வேண்டும். அவளுக்கும் வீட்டில் அடுப்பு எரிய வேண்டும்.

அடுத்த முறை இப்படி ஒரு கடிதம் வந்தால் கிழிப்பதற்கு முன்னாலும் கொடுப்பதற்கு முன்னாலும் நாலு கேள்வி கேளுங்கள். யாருக்கு? ஏன் அப்படி ஆயிற்று? என் பணம் எதைச் செய்யும்? போன தடவை கொடுத்தது என்ன ஆயிற்று? நாலுக்கும் பதில் இருந்தால், படத்தில் யாரும் அழாவிட்டாலும் பரவாயில்லை, கொடுங்கள்.

நண்பரின் அடுத்த கடிதம் போன வாரம் வந்தது. ஆறு பாத்ரூமிலும் கம்பி போட்டாயிற்று, ரசீது இத்துடன் இணைப்பு. பாட்டி வாக்கர் வைத்து நடக்கிறார். ராத்திரி ஆயா இன்னும் கிடைக்கவில்லை. நண்பரும் அவர் மனைவியும் முறை வைத்து விழித்திருக்கிறார்கள்.

தமிழில் இரண்டு ஒற்றுப்பிழை இருந்தது. திருத்தவில்லை. பணம் அனுப்பினேன், சம்பளக் கணக்கில்.