எதிர்மனுதாரர்: சென்னை அரசு

அமெரிக்கப் பழமைவாதிகள் எந்த வாதத்துக்கும் முதலில் கையில் எடுப்பது அரசியல் சாசனத்தை. அரசின் அதிகாரத்துக்கு எல்லை வேண்டும், சொத்திலும் பேச்சிலும் சமயத்திலும் அது நினைத்தபடி தலையிடக் கூடாது, சாசனத்தின் வாசகத்தை நீதிபதிகள் இஷ்டத்துக்கு வளைக்கக் கூடாது என்பார்கள். இதே வழக்காடல் நம் ஊரில் தொடங்கிய காலத்தைத் தேடிப் போனால், முதலமைச்சர் நாற்காலியில் ஒரு ராஜபாளையத்துக்காரர் இருக்கிறார்.

பி.எஸ். குமாரசாமி ராஜா 1949 ஏப்ரல் முதல் 1952 ஏப்ரல் வரை சென்னை மாகாணத்தை ஆண்டார். சொந்த வீட்டைக் கலைப்பணிக்குக் கொடுத்த காந்தியவாதி. ராஜபாளையம் காந்தி கலை மன்றம் அப்படிப் பிறந்தது. 1950 ஜனவரி 26 அன்று இந்தியச் சாசனம் நடைமுறைக்கு வந்தபோது பதவியில் இருந்தவர் என்பதால், அடிப்படை உரிமை பற்றிய முதல் பெரிய வழக்குகள் அவர் அரசின் தலையில் விழுந்தன.

கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே. கோபாலன் தடுப்புக் காவலை எதிர்த்துத் தொடுத்த வழக்கில் 1950 மே மாதம் அரசு வென்றது. அதற்குப் பின்னால் ஓர் அமெரிக்கக் கதை உண்டு. சாசன ஆலோசகர் பி.என். ராவ் அமெரிக்கா சென்று நீதிபதி ஃபிராங்க்ஃபர்ட்டரைச் சந்தித்து வந்த பின், சட்டத்தின் நியாயத்தையே நீதிமன்றம் எடைபோட இடம் தரும் அமெரிக்கச் சொற்றொடர் நம் வரைவிலிருந்து நீங்கியது. கோபாலன் தோற்றதற்கு இது ஒரு முக்கியக் காரணம். ஆனால் அதே மாதம், ரொமேஷ் தாப்பரின் ‘கிராஸ் ரோட்ஸ்’ இதழை மாகாணத்துக்குள் நுழையவிடாத ஆணையை உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது.

மூன்றாவது வழக்குதான் இன்றுவரை நம்மைத் தொடுகிறது. கல்லூரி இடங்களைப் பதினான்கு பதினான்காகப் பிரித்து, பிராமணரல்லாத இந்துக்களுக்கு 6, பிற்படுத்தப்பட்ட இந்துக்களுக்கு 2, பிராமணருக்கு 2, ஹரிஜனருக்கு 2, கிறிஸ்தவருக்கும் ஆங்கிலோ இந்தியருக்குமாக 1, முஸ்லிம்களுக்கு 1 என்று கொடுத்தது வகுப்புவாரி அரசாணை. செண்பகம் துரைராஜன் வழக்கில் 1951 ஏப்ரல் 9 அன்று அது செல்லாது என்றானது. தமிழகம் கொதித்தது. சில வாரங்களில் முதல் சாசனத் திருத்தம் வந்தது. ஒரு கையால் இடஒதுக்கீட்டுக்கு வழி திறந்தது. மறு கையால் பேச்சுரிமையைச் சுருக்கி, நிலச் சீர்திருத்தச் சட்டங்களை நீதிமன்றத்தின் கைக்கு எட்டாமல் ஒன்பதாம் அட்டவணையில் வைத்தது.

வாசகத்தை அப்படியே படித்த நீதிமன்றம்தான் பத்திரிகையைக் காத்தது, அதுவேதான் வகுப்புரிமையை வீழ்த்தியது. இதில் ஒரு பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு நீதிமன்றத்தைப் புகழ்வதும் பழிப்பதும் நேர்மையாகாது என்பது என் உறுதியான கருத்து.

அதே 1951இல் வந்த அறநிலையச் சட்டம், ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கோயில் போன்றவற்றின் நிர்வாகத்தில் அரசின் இடத்தை வலுப்படுத்தியது. சமயத்தில் அரசுக்கு எவ்வளவு உரிமை என்ற கேள்விக்கு 1954இல் ஷிரூர் மடம் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதற்குள் குமாரசாமி ராஜா 1952 தேர்தலில் ஸ்ரீவில்லிபுத்தூரில் தோற்றிருந்தார்.

அடுத்து வந்த ராஜாஜி தேர்தலில் நிற்காமல் மேலவை நியமனம் வழியாக முதலமைச்சரானார். முதல் திருத்தம் நிறைவேறியபோது மத்திய உள்துறை அமைச்சரும் அவரே. அவர்தான் 1959இல் சுதந்திரா கட்சியைத் தொடங்கி, கூட்டுறவுப் பண்ணையையும் பெர்மிட்–லைசென்ஸ்–கோட்டா ராஜ்யத்தையும் எதிர்த்தார். 1964இல் நிலம் தொடர்பான பதினேழாம் திருத்தத்தையும் அவர் கட்சி எதிர்த்தது. எதிர்க்கட்சி வரிசைக்குப் போன பிறகே அரசின் எல்லை அவருக்குத் தெளிவாகத் தெரிந்தது எனலாம். அதனால் அவர் சொன்னதன் மதிப்பு குறைந்துவிடாது.

இத்துறையில் நூல்களுக்குப் பஞ்சமில்லை. ஹோவர்ட் எர்ட்மன் 1967இலேயே சுதந்திரா கட்சியை இந்தியப் பழமைவாதமாக வைத்து ஆராய்ந்தார். கிரான்வில் ஆஸ்டினின் இரு நூல்களும் இன்றும் அடித்தளம். முதல் திருத்தத்தைத் திரிபுர்தமன் சிங் 2020இல் கடுமையாக விசாரித்தார்; அவர் பேச்சுரிமை இழப்பை அழுத்திய அளவுக்கு, பதினான்கு இடக் கணக்கின் பின்னிருந்த சமூக வரலாறும் அழுத்தம் பெற வேண்டும். சாமானியர் சாசனத்தைக் கையாண்ட விதத்தை எழுதிய ரோஹித் டேயின் 2018 நூல் எனக்கு நெருக்கமானது. ஆதித்ய பாலசுப்ரமணியன் 2023இல் சுதந்திராவின் பொருளாதாரச் சிந்தனைக்குப் புது வெளிச்சம் தந்தார்.

எல்லாம் ஆங்கிலம். ராஜாஜியாவது இவற்றில் நிறைய வருகிறார். வழக்குத் தலைப்புகளில் ‘சென்னை அரசு’ என்று மட்டும் நிற்கும் குமாரசாமி ராஜா அந்த அளவுக்கு வருவதில்லை. கோபாலனைக் காவலில் வைத்த, அரசாணைக்காக உச்ச நீதிமன்றம் வரை போராடிய அந்த அமைச்சரவை தனக்குள் என்ன வாதித்தது என்பதைச் சட்டமன்ற நடவடிக்கைக் குறிப்புகளிலிருந்து ஒருவர் தமிழில் எழுத வேண்டும்.